பலகாரக் கடை வாடிக்கையாளர் ஏன் திரும்பி வருகிறார்? சிபி-செம், பிஎல்எஸ்-செம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

காரைக்குடி வட்டாரத்தில் வணிகவியலிலும் மேலாண்மையிலும் ஆய்வு செய்கிறவர்களுக்குத் தலைப்புக்குப் பஞ்சமே இல்லை. பலகாரக் கடைகள், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகள், கானாடுகாத்தான் பக்கம் ஹோட்டலாக மாறிய பழைய வீடுகள், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை விற்கும் கடைகள் என்று எதை எடுத்தாலும் ‘வாடிக்கையாளர் விசுவாசம்’ என்று ஒரு தலைப்பு வைத்துவிடலாம். சிக்கல் பகுப்பாய்வு அத்தியாயத்தில்தான் தொடங்குகிறது. பல கருத்துகளுக்கு இடையிலான தொடர்புகளை ஒரே மாடலில் சோதிக்கும் கட்டமைப்புச் சமன்பாட்டு மாடல், சுருக்கமாக ‘செம்’, போட வேண்டும் என்று வழிகாட்டி சொல்லிவிடுவார். சிபி-செம், பிஎல்எஸ்-செம் என்ற இரண்டில் எந்த செம் என்பதை யாரும் சொல்வதில்லை.

வழக்கமாக நடப்பது இது: தரவைத் திரட்டி அமோஸ் என்ற சிபி-செம் மென்பொருளில் போடுவார்கள். மாடலுக்கும் தரவுக்கும் பொருத்தம் வராது. பக்கத்து மேசை நண்பர் ‘பிஎல்எஸ் மென்பொருள் ஸ்மார்ட்பிஎல்எஸ் இருக்கிறதே, அதில் போடு, வந்துவிடும்’ என்பார். வந்துவிடும். பிறகு ஆய்வேட்டில் ‘சாம்பிள் சிறியது, தரவு இயல்நிலைப் பரவலில் (மணி வடிவில்) இல்லை, ஆகவே பிஎல்எஸ்’ என்று ஒரு வரி. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கை வைக்கும் முதல் இடம் அந்த வரிதான். என் கணிப்பில் அந்த இரண்டுமே இருப்பதில் பலவீனமான காரணங்கள். முறையைத் தீர்மானிக்க வேண்டியது தரவு வருவதற்கு முன்னால்: விசுவாசம் என்று எதைச் சொல்கிறீர்கள், அதைப் பற்றி என்ன கேட்கிறீர்கள், திருப்தி, விசுவாசம் போல நேரடியாக அளக்க முடியாத ஒவ்வொரு கருத்தும் எதனால் ஆனது என்ற மூன்று கேள்விகளில். அந்த வரிசையிலேயே போவோம். உதாரணத்துக்குக் காரைக்குடியில் ஒரு பலகாரக் கடை: தேன்குழல், மணகோலம், அதிரசம், சீப்புச் சீடை, கடைக்கு வந்து வாங்குபவர்கள் பாதி, வாட்ஸ்அப்பில் ஆர்டர் போட்டுச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் பார்சல் வாங்குபவர்கள் பாதி என்று வைத்துக்கொள்வோம்.

முதலில், இரண்டும் என்ன செய்கின்றன

ஸ்வீடன்காரரான கார்ல் யோரஸ்கோக் 1970-களின் தொடக்கத்தில் லிஸ்ரெல் முறையை உருவாக்கினார். இணைமாறுபாட்டை (இரண்டு மாறிகள் சேர்ந்து மாறும் அளவை) அடிப்படையாகக் கொண்ட செம், அதாவது சிபி-செம், அதிலிருந்து வந்தது. உங்கள் மாடல் சரியாக இருந்தால் கேள்விகளுக்கு இடையே என்ன இணைமாறுபாடு இருந்திருக்க வேண்டும் என்று அது கணக்கிடும். தரவில் உள்ள இணைமாறுபாட்டுடன் அதை ஒப்பிடும். ஆகவே ‘உன் கொள்கை இந்தத் தரவோடு ஒத்துப்போகவில்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்லும் வசதி அதற்கு உண்டு. அமோஸ் ‘பொருத்தம் இல்லை’ என்று சொல்வது மென்பொருளின் கோளாறு அல்ல. அந்தப் பதிலுக்காகத்தான் அதை ஓட்டுகிறோம்.

பிஎல்எஸ்ஸை, அதாவது பகுதி மீச்சிறு வர்க்க முறையை, உருவாக்கியவர் ஹெர்மன் வோல்ட். யோரஸ்கோக்குக்கு முனைவர் பட்ட வழிகாட்டி இவர்தான். மாணவரின் முறை உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த காலத்தில் ஆசிரியர் வேறு வழியில் போனார் என்பது இந்தத் துறையின் சுவையான கதை. பிஎல்எஸ் ஒவ்வொரு கருத்துக்கும் அதன் கேள்விகளை எடைபோட்டுக் கூட்டி ஒரு கூட்டு மதிப்பெண் உண்டாக்குகிறது. பிறகு அந்த மதிப்பெண்களுக்கு இடையே பின்னடைவு (ரிக்ரெஷன்) ஓட்டி, இறுதி மாறியின் விளக்கப்பட்ட மாறுபாட்டைக் கூடுதலாக்கப் பார்க்கிறது. வாடிக்கையாளர் ஆய்வுக்கும் இதற்கும் பழைய உறவு உண்டு. ஸ்வீடனில் 1989-ல் தொடங்கிய தேசிய வாடிக்கையாளர் திருப்தி அளவீடும், அதைப் பின்பற்றி 1994-ல் வந்த அமெரிக்கக் குறியீடும் கிளேஸ் ஃபோர்னெல் தலைமையில் பிஎல்எஸ் கொண்டே கணக்கிடப்பட்டன. அமெரிக்கக் குறியீட்டின் மாடலில் கடைசிக் கட்டம் விசுவாசம்தான்.

படி 1: விசுவாசம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஆலன் டிக், குணால் பாசு இருவரும் 1994-ல் போட்ட நான்கு கட்டம் இங்கே ரொம்ப உதவும். மனச்சாய்வு ஒருபுறம், திரும்ப வாங்கும் பழக்கம் மறுபுறம். இரண்டும் உயர்வாக இருந்தால் உண்மையான விசுவாசம். வாங்குகிறார், மனச்சாய்வு இல்லை என்றால் போலி விசுவாசம்: ஊரில் இருப்பதே ஒரு கடை, அல்லது ஆச்சி காலத்திலிருந்து அந்தக் கடைதான், மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. மனச்சாய்வு உண்டு, வாங்குவதில்லை என்றால் உறங்கும் விசுவாசம்: சிங்கப்பூரில் இருக்கிற தங்கைக்கு அந்த அதிரசம் என்றால் உயிர், ஆனால் பார்சல் செலவு கட்டுப்படியாகவில்லை. இரண்டும் இல்லாவிட்டால் விசுவாசமே இல்லை.

இந்த நான்கு வகை ஆட்களும் உங்கள் சாம்பிளில் இருப்பார்கள். ‘அடிக்கடி வாங்குகிறேன்’, ‘மற்றவர்களுக்குச் சொல்வேன்’ என்ற இரண்டையும் ஒரே கருத்தின் கேள்விகளாகக் கட்டிவிட்டால் ஆச்சி வீட்டுக்காரரும் சிங்கப்பூர்த் தங்கையும் அந்த அளவுகோலை எதிர் எதிர்த் திசையில் இழுப்பார்கள். லோடிங், அதாவது கேள்விக்கும் கருத்துக்கும் உள்ள பிணைப்பின் அளவு, சரிந்துவிடும். அப்போது கேள்வியை நீக்குவார்கள். நீக்கியது கேள்வியை அல்ல, ஆய்வின் மிகச் சுவையான பகுதியை. மனச்சாய்வு விசுவாசம், நடத்தை விசுவாசம் என்று இரண்டாகப் பிரித்து, முன்னதிலிருந்து பின்னதுக்கு ஒரு பாதை போடுங்கள். ரிச்சர்ட் ஆலிவர் 1999-ல் சொன்ன அறிவு, உணர்வு, விருப்பம், செயல் என்ற நான்கு கட்ட வரிசையையும் பயன்படுத்தலாம். ஆனால் முதுகலை அளவு ஆய்வுக்கு நான்கையும் பிரித்து அளப்பது பேராசை.

நடத்தை விசுவாசத்துக்கு வினாத்தாளை மட்டும் நம்ப வேண்டியதில்லை. பலகாரக் கடைகளில் ஆர்டர் நோட்டு இருக்கும்; வாட்ஸ்அப் ஆர்டர் அப்படியே தேதியோடு கிடக்கும். கடைக்காரரும் வாடிக்கையாளரும் சம்மதித்தால், வினாத்தாள் நிரப்பியவர் அடுத்த ஆறு மாதத்தில் எத்தனை முறை வாங்கினார் என்பதையே இறுதி மாறியாக வைக்கலாம். எல்லாப் பதிலும் ஒரே ஆளிடம், ஒரே தாளில், ஒரே நேரத்தில் வாங்கியதால் வரும் பொதுமுறைப் பிழை பற்றித் தேர்வாளர் கேட்கும் கேள்விக்கும் இதைவிட நல்ல பதில் கிடையாது.

படி 2: விளக்கமா, கணிப்பா?

‘நற்பெயர் திருப்தியைக் கூட்டி, திருப்தி நம்பிக்கையைக் கூட்டி, நம்பிக்கை விசுவாசத்தைக் கூட்டுகிறது, நேரடிப் பாதையைவிட இந்த வழிதான் வலுவானது’ என்று ஒரு கொள்கையைச் சோதிக்கிறீர்களா? அது விளக்கம். மாடல் மொத்தமாகவே தரவோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தாக வேண்டும். சிபி-செம் பக்கம் சாயுங்கள்.

‘தீபாவளிக்கு யார் மறுபடி ஆர்டர் போடுவார்கள், கடைக்காரர் எதில் காசைப் போட்டால் பலன் அதிகம்’ என்று கேட்கிறீர்களா? அது கணிப்பு. மாடலுக்கு வெளியே உள்ள ஆட்களையும் அது சரியாகக் கணிக்கிறதா என்பதே அளவுகோல். பிஎல்எஸ் பக்கம் சாயுங்கள்.

பெரும்பாலான ஆய்வேடுகளில் கருதுகோள்கள் முதல் வகையில் இருக்கும், முறை இரண்டாம் வகையில் இருக்கும். ‘கணிப்பு நோக்கம்’ என்று எழுதிவிட்டுக் கணிப்புச் சோதனை ஒன்றுகூடச் செய்யாமல் விடுவதும் அதிகம்.

படி 3: ஒவ்வொரு கருத்தும் எதனால் ஆனது?

எனக்குக் கேட்டால் முழு வழிகாட்டியிலும் கனமான படி இதுதான். அவசரப்படாமல் செய்யுங்கள்.

திருப்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘இங்கே வாங்கியது நல்ல முடிவு’, ‘எதிர்பார்த்தபடியே இருந்தது’, ‘மொத்தத்தில் திருப்திதான்’ என்ற மூன்றும் உள்ளே இருக்கும் ஒரே உணர்வின் வெளிப்பாடுகள். உணர்வு குறைந்தால் மூன்றும் சேர்ந்து குறையும். ஒன்றை எடுத்துவிட்டாலும் கருத்து அப்படியே இருக்கும். இது பிரதிபலிப்பு வகை.

இப்போது தரம். எண்ணெயில் சிக்கு வாடை இல்லாமை, தேன்குழலின் மொறுமொறுப்பு, அதிரசத்தின் பதம், பேக்கிங், சொன்ன தேதிக்குப் பார்சல் போய்ச் சேர்வது. இவை சேர்ந்துதான் ‘தரம்’ உண்டாகிறது. பதத்தில் யாரும் குறை சொல்ல முடியாத ஒரு கடை, பார்சலில் பாதி நொறுங்கிப்போக அனுப்பலாம். ஆகவே இந்தக் கேள்விகள் ஒன்றோடொன்று சேர்ந்து நகர வேண்டிய கட்டாயம் இல்லை. பேக்கிங்கை எடுத்துவிட்டால் தரத்தின் பொருளே மாறிவிடும், அதுவும் வெளியூர் வாடிக்கையாளருக்கு. இது உருவாக்க வகை. கேள்விகள் சேர்ந்து நகர்கின்றனவா என்று பார்க்கும் குரோன்பாக் ஆல்ஃபாவை இதற்குப் போட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை. லோடிங் குறைவு என்று கேள்வியை வெட்டுவது தவறு. சந்தையியலில் உருவாக்க வகையைப் பிரதிபலிப்பு வகையாக நினைத்து அளந்த ஆய்வுகள் ஏராளம் என்று ஜார்விஸ், மெக்கென்சி, போட்சகோஃப் மூவரும் 2003-லேயே காட்டிவிட்டார்கள். இன்றும் நிற்கவில்லை.

ஒவ்வொரு கேள்வியையும் எடுத்து இரண்டு சோதனை செய்யுங்கள். கருத்து மாறினால் இந்தப் பதில் கட்டாயம் மாறுமா? இந்தக் கேள்வியை நீக்கினால் கருத்தின் பொருள் குறைகிறதா? முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை என்றால் பிரதிபலிப்பு. தலைகீழாக வந்தால் உருவாக்கம்.

உங்கள் மாடலில் எல்லாமே பிரதிபலிப்பு என்றால் சிபி-செம் இயல்பான வீடு. அந்த இடத்தில் சாதாரண பிஎல்எஸ்ஸைப் போட்டால் லோடிங்குகள் உண்மையைவிடக் கூடுதலாகவும், கருத்துகளுக்கு இடையிலான பாதைகள் பொதுவாகக் குறைவாகவும் வரும். அளவுகோல்களின் நம்பகத்தன்மை குறையக் குறைய இந்தச் சாய்வு கூடும். உருவாக்க வகை ஒன்றிரண்டு இருந்தால் பிஎல்எஸ் அதை நோகாமல் கையாளும். சிபி-செம்மிலும் முடியும், ஆனால் அந்தக் கருத்திலிருந்து குறைந்தது இரண்டு தனித்தனி வெளிப்பாடுகளுக்குப் பாதை போகாவிட்டால் மாடல் கணக்குக்கே அடங்காது.

வினாத்தாள் அச்சடிக்கும் முன் இதைச் செய்யுங்கள்: உருவாக்க வகைக் கருத்து ஒவ்வொன்றுக்கும் ‘மொத்தத்தில் இந்தக் கடைப் பலகாரத்தின் தரம் எப்படி?’ என்று ஒரே ஒரு பொதுக் கேள்வியையும் சேர்த்துவிடுங்கள். பிறகு பிஎல்எஸ்ஸில் குவிவுச் செல்லுபடியை, அதாவது தனிக் கேள்விகள் சேர்ந்து பொதுக் கேள்வியோடு ஒத்துப்போகின்றனவா என்பதை, சோதிக்க அது வேண்டும். தரவு வந்தபின் நினைவுக்கு வந்து பிரயோசனமில்லை.

படி 4: மாடலை வரைந்து எண்ணிப் பாருங்கள்

நற்பெயர், திருப்தி, நம்பிக்கை, விசுவாசம் என்று நான்கு பிரதிபலிப்புக் கருத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்வி என்றால் மொத்தம் 16. சிபி-செம்முக்குக் கிடைக்கும் தகவல் 16-ஐ 17-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தது, 136. மதிப்பிட வேண்டியவை: ஒரு கருத்துக்கு ஒரு லோடிங்கை 1 என்று நிறுத்திவிட்டால் மீதி 12 லோடிங், 16 பிழை மாறுபாடு, 4 பாதை (நற்பெயர் திருப்திக்கு, திருப்தி நம்பிக்கைக்கும் விசுவாசத்துக்கும், நம்பிக்கை விசுவாசத்துக்கு), கருத்து அளவிலான 4 மாறுபாடு. ஆக 36. 136-லிருந்து அதைக் கழித்தால் கட்டற்ற அளவு 100. தாளில் எண்ணிய இந்த எண்ணும் மென்பொருள் காட்டும் எண்ணும் ஒத்துவராவிட்டால் நீங்கள் வரைந்த மாடலும் மென்பொருள் ஓட்டிய மாடலும் வேறு வேறு. தேர்வுக்கு முன் பிடிக்க வேண்டிய பிழை அது.

படி 5: எத்தனை பேர்?

‘ஒரு கருத்துக்குள் நுழையும் அதிகபட்ச அம்புகளின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கு’ என்ற பத்து மடங்கு விதியை விட்டுவிடுங்கள். 40 பேரை வைத்து ஒப்பேற்றுவதற்குத்தான் அது பயன்படுகிறது. நெட் காக், பியர் ஹதாயா 2018-ல் தந்த எளிய வழி: 2.486-ஐ நீங்கள் கண்டுபிடிக்க விரும்பும் மிகச் சிறிய பாதைக் கெழுவால் வகுத்து வர்க்கம் எடுங்கள். 5 சதவீத முக்கியத்துவ அளவு, 80 சதவீதத் திறன் என்ற கணக்கில் 0.2 பாதைக்கு 155 பேர், 0.15-க்கு 275 பேர், 0.1-க்கு 619 பேர். பார்த்தீர்களா, பிஎல்எஸ்ஸுக்கும் சிறிய விளைவைப் பிடிக்கப் பெரிய சாம்பிள் வேண்டும். சிபி-செம்முக்கு நடுத்தர மாடலில் 200-க்குக் கீழே இறங்க நான் சம்மதிக்க மாட்டேன். கருத்துக்கு மூன்று நான்கு நல்ல கேள்விகள், உயர்ந்த லோடிங் இருந்தால் அது போதும். சுமாரான கேள்விகள் என்றால் 300-ம் பற்றாது.

சிறிய சாம்பிள் நியாயமாகும் இடம் ஒன்று உண்டு: முழுத் தொகையே சிறியது. ஆத்தங்குடியில் ஒரு பட்டறையிடம் திரும்பத் திரும்ப டைல்ஸ் வாங்கும் கட்டடக் கலைஞர்களும் ஒப்பந்தக்காரர்களும் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? அவர்களில் பெரும்பாலோரைப் பிடித்துவிட்டீர்கள் என்றால் பிஎல்எஸ்ஸைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், காரணத்தையும் அப்படியே எழுதலாம். பலகாரக் கடை வாடிக்கையாளர் ஆயிரக்கணக்கில் இருக்க, வெயிலில் அலைய முடியாமல் 80 பேரோடு நிறுத்தியதற்கு அந்தச் சலுகை செல்லாது.

யாரைக் கேட்பது என்பதும் உண்டு. பிள்ளையார்பட்டிக்குச் சாமி கும்பிட வந்து, போகிற வழியில் ஒரு பாக்கெட் வாங்கியவரிடம் விசுவாசக் கேள்வி கேட்டுப் பயனில்லை. ‘கடந்த ஓராண்டில் இரண்டு முறைக்கு மேல் வாங்கினீர்களா?’ என்ற வடிகட்டிக் கேள்வியை முதலில் வையுங்கள்.

படி 6: தரவின் குணம்

கல்லாவில் கடைக்கார ஆச்சி உட்கார்ந்திருக்க, எதிரே நின்று ‘திருப்தி இல்லை’ என்று டிக் போடுகிறவர் நம் ஊரில் யார்? எல்லாம் ஐந்துக்கு ஐந்து விழும். தரவு ஒரு பக்கமாகக் குவிந்து, மாறுபாடே இல்லாமல் போகும். எந்த மென்பொருளும் இதைச் சரிசெய்யாது. வினாத்தாளைக் கடைக்கு வெளியே கொடுங்கள், அல்லது பலகாரம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபின் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஐந்து புள்ளிக்குப் பதில் ஏழு புள்ளி அளவுகோல் வையுங்கள். ‘பக்கத்துக் கடையில் விலை குறைத்துத் தந்தாலும் இங்கேதான் வாங்குவேன்’ என்பது போலக் கொஞ்சம் விலை கொடுக்க வைக்கும் கேள்விகளைச் சேருங்கள். அதில் எல்லாரும் ஏழு போட மாட்டார்கள்.

இயல்நிலைப் பரவல் இல்லை என்பது பிஎல்எஸ்ஸுக்குத் தாவக் காரணமாகாது. சிபி-செம்மில் அதற்கென்றே சட்டோரா-பென்ட்லர் திருத்தம் உண்டு, அந்தக் குறையைத் தாங்கும் மதிப்பீட்டு முறைகள் உண்டு, தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுத்துக் கணக்கிடும் பூட்ஸ்ட்ராப் உண்டு. நான்கைந்து புள்ளிகளே உள்ள வரிசை அளவுக் கேள்விகளுக்கு எடையிட்ட மீச்சிறு வர்க்க முறை உண்டு. கடைசியாகச் சொன்னது அமோஸில் கிடையாது. ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியில் ஓடும் லவான் தொகுப்பிலும் எம்பிளஸ் மென்பொருளிலும் உண்டு.

படி 7: முடிவு

எல்லாக் கருத்தும் பிரதிபலிப்பு, நோக்கம் கொள்கைச் சோதனை, போதிய சாம்பிள்: சிபி-செம். மறுபேச்சில்லை.

முக்கியமான கருத்து உருவாக்க வகை, நோக்கம் கணிப்பு அல்லது எதில் முதலீடு செய்வது என்ற கேள்வி: பிஎல்எஸ்.

எல்லாம் பிரதிபலிப்பு, ஆனால் சிபி-செம் குவியவில்லை, பிழை மாறுபாடு எதிர்மறையாக வருகிறது: முதலில் கேள்விகளைப் பாருங்கள். பிறகும் பிஎல்எஸ் வழிதான் வேண்டும் என்றால் டைக்ஸ்ட்ராவும் ஹென்ஸலரும் 2015-ல் முழுமைப்படுத்திய ‘சீரான பிஎல்எஸ்’ஸைப் போடுங்கள், அது மேலே சொன்ன சாய்வைத் திருத்துகிறது. சாம்பிள் சிறியதாக இருந்தால் அதுவும் அடங்காமல் ஆடும்.

பிரதிபலிப்பும் உருவாக்கமும் கலந்திருக்கிறது, நோக்கம் கொள்கைச் சோதனை: இங்கேதான் நேர்மையான கருத்து வேறுபாடு இருக்கிறது. தரத்தைத் தனித்தனி மாறிகளாக உடைத்து சிபி-செம்மில் திருப்திக்கு அம்பு விடுவதையே நான் விரும்புவேன். ‘பேக்கிங்தான் வெளியூர்க்காரரை இழுக்கிறது’ என்று சொல்ல அப்போதுதான் முடியும்.

இரண்டையும் ஓட்டிப் பார்த்து முக்கியத்துவ நட்சத்திரம் அதிகம் விழுந்ததை எழுதுவது மட்டும் வேண்டாம். இரண்டாவதை ஒரு சரிபார்ப்பாக இணைப்பில் தரலாம், எது முதன்மை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால்.

மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லவான் இலவசம், பிஎல்எஸ்ஸுக்கு ஆரிலேயே செமினார் என்ற தொகுப்பு இலவசம். கட்டளை எழுதப் பயமென்றால் ஜாஸ்ப் இருக்கிறது, லவானைத்தான் உள்ளே ஓட்டுகிறது. ஸ்மார்ட்பிஎல்எஸ்ஸின் நான்காம் பதிப்பில் சிபி-செம்மும் வந்துவிட்டது. ஆகவே ‘மென்பொருள் இல்லை’ என்ற சாக்கும் போயிற்று.

படி 8: எதை அறிக்கையிடுவது

சிபி-செம்மில் ஆண்டர்சன், கெர்பிங் 1988-ல் சொன்னபடி முதலில் அளவீட்டு மாடல், அது நின்ற பிறகே பாதைகள். பொருத்தத்தைக் காட்டும் அளவுகளைத் தாருங்கள்: கை-வர்க்கம், கட்டற்ற அளவு, சிஎஃப்ஐ, ஆர்எம்எஸ்இஏ அதன் 90 சதவீத நம்பிக்கை இடைவெளியோடு, எஸ்ஆர்எம்ஆர். ஹூ, பென்ட்லர் 1999-ல் தந்த எல்லைகளை (சிஎஃப்ஐ 0.95-க்கு மேல், ஆர்எம்எஸ்இஏ 0.06-க்குக் கீழ், எஸ்ஆர்எம்ஆர் 0.08-க்குக் கீழ்) எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள்; அவை வழிகாட்டும் எண்கள், தேர்ச்சி மதிப்பெண் அல்ல. மென்பொருள் காட்டும் திருத்தக் குறியீட்டைப் பார்த்துப் பிழைகளை இஷ்டத்துக்கு இணைத்துப் பொருத்தத்தை ஏற்றினால் எதற்காக இணைத்தீர்கள் என்ற கேள்வி கட்டாயம் வரும்.

பிஎல்எஸ்ஸில் பிரதிபலிப்புக் கருத்துகளுக்கு லோடிங் 0.708-க்கு மேல், ஏவிஇ (கேள்விகளின் மாறுபாட்டில் கருத்து விளக்கும் சராசரிப் பங்கு) 0.5-க்கு மேல், கூட்டு நம்பகத்தன்மை 0.7-க்கு மேல். உருவாக்கக் கருத்துகளுக்கு விஐஎஃப் (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒட்டியிருக்கின்றன என்ற அளவு), எடைகள், முன்பு சேர்க்கச் சொன்ன பொதுக் கேள்வியோடு உள்ள தொடர்பு 0.7-க்கு மேல். பூட்ஸ்ட்ராப் 5,000-க்குக் குறையாமல். கணிப்பு நோக்கம் என்று எழுதியிருந்தால் பிஎல்எஸ்-பிரெடிக்ட் ஓட்டி, விசுவாசக் கேள்விகள் ஒவ்வொன்றிலும் கணிப்புப் பிழை எளிய நேர்கோட்டு மாடலைவிடக் குறைகிறதா என்று அட்டவணை போடுங்கள். குறையவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

இரண்டிலும் வேறுபாட்டுச் செல்லுபடி, அதாவது இரு கருத்துகள் உண்மையிலேயே வேறு வேறுதானா என்ற சோதனை. விசுவாச ஆய்வில் அடிக்கடி விழும் குழி இதுதான். பழைய ஃபோர்னெல்-லார்க்கர் சோதனையை மாடல் தாண்டிவிடும். ஆனால் 2015-ல் வந்த எச்டிஎம்டி என்ற அளவு 0.9-ஐத் தாண்டி நிற்கும், இரு கருத்தும் பிரியவில்லை என்று பொருள். வினாத்தாளைத் திறந்து பார்த்தால் திருப்தியின் கீழே ‘மறுபடியும் இங்கே வரத் தோன்றுகிறது’ என்று ஒரு கேள்வி, விசுவாசத்தின் கீழே ‘மறுபடியும் இங்கே வருவேன்’ என்று இன்னொன்று. ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டுவிட்டுத் திருப்தி விசுவாசத்தை வலுவாகத் தீர்மானிக்கிறது என்று எழுதினால் அது கண்டுபிடிப்பு ஆகாது.

உள்ளூர்க்காரரையும் வெளிநாட்டில் இருப்பவரையும் ஒப்பிடுவதாக இருந்தால் இன்னொரு வேலை பாக்கி. இரு குழுவும் கேள்விகளை ஒரே பொருளில் புரிந்துகொண்டார்களா என்று பார்க்காமல் பாதைகளை ஒப்பிடக்கூடாது. சிபி-செம்மில் வடிவம், லோடிங், வெட்டுத்துண்டு என்று மூன்று கட்டச் சமநிலைச் சோதனை. பாதையை ஒப்பிட லோடிங் கட்டம் போதும், சராசரியை ஒப்பிட மூன்றாவதும் வேண்டும். பிஎல்எஸ்ஸில் அந்த வேலையை மைக்காம் என்ற சோதனை செய்கிறது. ‘விலை நியாயம்’ என்ற கேள்வியில்தான் பெரும்பாலும் சமநிலை உடையும்: ஒருவர் கடை விலையை நினைத்துப் பதில் சொல்கிறார், மற்றவர் கூரியர் கட்டணத்தையும் சேர்த்து நினைக்கிறார். அந்தக் கேள்வியை ‘பலகாரத்தின் விலை’, ‘அனுப்பும் செலவு’ என்று இரண்டாகப் பிரித்து, முன்னோட்ட ஆய்வில் இரு பக்கத்திலும் கொஞ்சம் பேரிடம் கொடுத்துப் பார்த்த பிறகு அச்சுக்கு அனுப்புங்கள்.